ஆள் கிடைக்காத இரண்டு காலங்கள்

2022 செப்டம்பர் 30ஆம் தேதி அமெரிக்கத் தரைப்படையின் நிதியாண்டு முடிந்தது. அந்த ஆண்டில் 60,000 பேரைச் சேர்க்க வேண்டும் என்பது இலக்கு. சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 45,000 பேர். நான்கில் ஓரிடம் காலி. வியட்நாம் போரின் கடைசிக் கட்டத்தில், 1973இல், கட்டாயப் படைச்சேவையைக் கைவிட்டு, விரும்பி வருபவர்களை மட்டுமே நம்பும் படையாக மாறியதிலிருந்து அது இவ்வளவு தூரம் சறுக்கியதில்லை. அதற்கு முன் இப்படியொரு கலக்கம் எழுந்தது 1979இல். அந்த ஆண்டு தரைப்படை, கடற்படை, விமானப்படை, மரைன் படை நான்குமே ஒருசேர இலக்கைத் தவறவிட்டன. தரைப்படைக்கு மட்டும் 15,000 பேருக்கு மேல் குறைந்தார்கள்.

இரண்டு முறையும் தரைப்படை மீண்டது. மீண்ட விதம்தான் வேறு. 1979க்குப் பின் பொறுப்பேற்றவர்கள் எதற்குச் செலவழித்தால் எவ்வளவு பலன் என்பதைச் சோதித்து அறிந்தபடியே மேலேறினார்கள். 2022க்குப் பின் வந்தவர்கள் கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்து மேலேறினார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் வெற்றிதான். ஆனால் காலம் மாறும்போது எந்தச் செலவைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று கேட்டால் முதலாமவர்களிடம் ஒரு பதில் இருந்தது. இரண்டாமவர்களிடம் அது இருக்கிறது என்று நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. இந்த இரண்டு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க அதுவே காரணம்.

ஆள்சேர்ப்பில் பணம் போகும் வழிகளை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆள்சேர்ப்பாளர்கள், விளம்பரம், போனஸ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. சம்பளம், படிப்புக்கான உதவி, தகுதி விதிகள் ஆகியவை அவற்றுக்குப் பின்னால் நிற்பவை. எல்லாமே ஆள் கொண்டுவரும். வேகம் மட்டும் ஒன்றுபோல் இருக்காது.

ஆள்சேர்ப்பாளர் என்பவர் பெரும்பாலும் வேறு வேலையிலிருந்து பிடுங்கப்பட்ட ஒரு சார்ஜென்ட். நேற்றுவரை டாங்கியிலோ காலாட்படையிலோ இருந்தவர். கென்டக்கி மாநிலத்து ஃபோர்ட் நாக்ஸில் சில வாரப் பயிற்சி கொடுத்து, அவருக்கு அறிமுகமே இல்லாத ஓர் ஊரின் கடைத்தெரு அலுவலகத்தில் உட்கார வைப்பார்கள். அந்த ஊர்ப் பள்ளியின் ஆலோசகரும், கால்பந்துப் பயிற்சியாளரும், பதினேழு வயதுப் பையனின் தாயும் அவரை நம்பத் தொடங்கப் பல மாதங்கள் ஆகும். ஆள்சேர்ப்பாளர் எண்ணிக்கையைக் கூட்டுவது என்று தலைமை முடிவெடுத்த நாளுக்கும் அதன் முழுப் பலன் கிடைக்கும் நாளுக்கும் இடையே ஓராண்டு ஓடிவிடக்கூடும். தொலைக்காட்சி விளம்பரத்துக்கு நேரத்தை முன்கூட்டியே வாங்க வேண்டும். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே செலவழித்தால் யார் காதிலும் விழாது. ஓர் எல்லையைத் தாண்டினால் கூடுதல் பணம் கூடுதல் ஆளைக் கொண்டுவராது. போனஸ் அப்படியல்ல. இன்று அறிவித்தால் நாளையே பேச்சாகிவிடும். அதன் குறை வேறு: எப்படியும் சேர்ந்திருக்கக்கூடிய பையனுக்கும் அதே தொகையைக் கொடுத்தாக வேண்டும். அதனால் கூடுதலாக வரும் ஒவ்வோர் ஆளுக்கும் ஆகும் உண்மையான செலவு, காசோலையில் எழுதியிருக்கும் தொகையைவிடப் பல மடங்கு பெரிது.

இந்தக் கணக்கைத் தரைப்படைக்காக ராண்ட் ஆய்வு நிறுவனம் 2018இல் ஒரு மாதிரியாகவே வகுத்து வெளியிட்டது. இலக்கு எவ்வளவு, வேலைச் சந்தை எப்படி, தகுதி விதிகள் எவ்வளவு கடுமை என்று சொன்னால், மூன்று செலவுகளையும் எந்த விகிதத்தில் கலந்தால் மலிவாக முடியும் என்று அது காட்டும். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது காலம் பற்றிய செய்தி. நெருக்கடி வருவதை முன்பே உணர்ந்தால் ஆள்சேர்ப்பாளரையும் விளம்பரத்தையும் கூட்டலாம். தாமதமாக உணர்ந்தால் போனஸும் விதித் தளர்வும்தான் மிஞ்சும். ஆடியில் விதைக்காதவர் தையில் சந்தைக்குப் போய் நெல் வாங்குவதுபோலத்தான் இது. விலை கொடுத்தாலும் தரத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

நெருக்கடி வருவதை உணர ஒரு கருவி உண்டு. பள்ளி இறுதி ஆண்டிலேயே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கோடையில் பயிற்சிக்குப் போகக் காத்திருப்பவர்களின் பட்டியல் அது. நிதியாண்டு தொடங்கும்போது அது கனமாக இருந்தால் ஆண்டு நிம்மதியாகப் போகும். ஆள் குறைந்த ஆண்டில் அந்தப் பட்டியலிலிருந்து அவசரமாக எடுத்து இலக்கை நிறைவேற்றிவிடலாம், செய்தித்தாளுக்கும் விஷயம் போகாது. அடுத்த ஆண்டு வெறுங்கையோடு தொடங்கும். வெளியே தெரியும் தோல்விக்கு ஓரிரு ஆண்டுகள் முன்பே உண்மையான தோல்வி நடந்து முடிந்திருப்பது இப்படித்தான்.

1979இன் தோல்வி எப்போது தொடங்கியது என்று பார்த்தால் 1975க்குப் போக வேண்டியிருக்கிறது. 1974, 1975இல் அமெரிக்காவில் பொருளாதாரம் சுருங்கி வேலைகள் போயின. கட்டாயச் சேவை இல்லாமல் படை நடக்குமா என்று அஞ்சியவர்களே வியக்கும்படி ஆட்கள் வந்தார்கள். தானாக வருபவர்களுக்கு எதற்குச் செலவு என்ற எண்ணம் பிறந்தது. ஆள்சேர்ப்புக்கான பணத்தில் கைவைத்தார்கள். வியட்நாம் காலத்துக் கல்விச் சலுகைத் திட்டம் 1976 டிசம்பர் 31உடன் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த திட்டத்தில் சிப்பாயே தன் சம்பளத்திலிருந்து ஒரு பங்கு போட வேண்டும். கட்டாயச் சேவையைக் கைவிடுவதற்கு முன்னோட்டமாக 1971இல் கடைநிலைச் சிப்பாயின் சம்பளம் ஏறக்குறைய இரட்டிப்பானது. எழுபதுகளின் பணவீக்கம் அதைத் தின்றுவிட்டது. சிப்பாய்க் குடும்பங்கள் அரசின் உணவுக் கூப்பன் வாங்குகின்றன என்ற செய்தி நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது.

இவ்வளவுக்கும் இளைஞர் பஞ்சம் எதுவும் இல்லை. போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறையின் கடைக்குட்டிகள் பதினெட்டைத் தொட்டுக்கொண்டிருந்த காலம் அது. அந்த வயதினரின் எண்ணிக்கை உச்சத்தில் இருந்தபோதுதான் படைக்கு ஆள் கிடைக்காமல் போனது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி 1980இல் வெளிவந்தது. சேர வருபவர்களுக்கு வைக்கும் திறனறி தேர்வின் புதிய வடிவம் 1976 ஜனவரியில் நடைமுறைக்கு வந்திருந்தது. பழைய தேர்வோடு மதிப்பெண்களை ஒப்பிட்டுச் சரிசெய்த இடத்தில் பிழை. கீழ்நிலையில் இருந்தவர்களுக்கு உண்மையைவிட உயர்ந்த மதிப்பெண் விழுந்தது. 1979இல் தரைப்படையில் சேர்ந்தவர்களில் கடைசிக்கு முந்தைய பிரிவான நான்காம் பிரிவினர் 9 சதவீதம் என்று கணக்குக் காட்டப்பட்டிருந்தது. பிழையைத் திருத்திப் பார்த்தபோது அது 46 சதவீதம். 1976 முதல் 1980 வரை, சரியான அளவுகோல் இருந்திருந்தால் சேர்ந்திருக்கவே முடியாத மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் நான்கு படைகளிலும் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் பலர் தங்கள் பணியை ஒழுங்காகவே முடித்தார்கள் என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. அந்த மனிதர்களைக் குறைசொல்ல இதில் ஒன்றுமில்லை. தங்களிடம் வருவது யார் என்று தெரியாமலேயே ஐந்தாண்டுகள் முடிவெடுத்த நிர்வாகம்தான் பதில் சொல்ல வேண்டியது. கீழே இருந்த ஆள்சேர்ப்பாளர்களுக்கோ எண்ணிக்கை ஒன்றுதான் கட்டளை. அந்த நெருக்குதலில் போலிச் சான்றிதழ், மறைத்த குற்றப் பதிவு, சொல்லிக்கொடுத்த தேர்வு விடை என்று முறைகேடுகள் பெருகின. நூற்றுக்கணக்கானோர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1980இல் தரைப்படைத் தளபதி எட்வர்ட் மேயர், நம்மிடம் இருப்பது உள்ளே கூடாகிப்போன படை என்று நாடாளுமன்றக் குழுவின் முன் சொன்னார். கட்டாயச் சேவையைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற குரல் வலுத்தது.

1979இன் இறுதியில் ஆள்சேர்ப்புத் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் மேஜர் ஜெனரல் மேக்ஸ்வெல் தர்மன். சிகாகோவுக்கு அருகே ஃபோர்ட் ஷெரிடனில் அலுவலகம். பட்ஜெட் ஆய்விலும் திட்ட மதிப்பீட்டிலும் ஊறியவர். மணமாகாதவர், இரவுபகல் பாராமல் உழைப்பவர், கீழே இருப்பவர்களையும் அப்படியே பிழிபவர். பின்னாளில் 1989 பனாமா படையெடுப்புக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. எனக்கு அவருடைய போர்த்திறனைவிட இந்த அலுவலக வேலையே பெரிதாகத் தெரிகிறது.

அவர் செய்த முதல் காரியம் இலக்கின் பொருளை மாற்றியது. இந்த மாதம் இத்தனை பேர் என்று மொத்தமாகச் சொல்வதை நிறுத்தி, பள்ளிப் படிப்பை முடித்து, தேர்வில் மேல்பாதியில் வந்தவர்கள் இத்தனை பேர், பள்ளி இறுதி ஆண்டில் படிப்பவர்கள் இத்தனை பேர் என்று கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வோர் ஆள்சேர்ப்பாளருக்கும் கொடுத்தார். ஓர் எளிய ஆளைச் சேர்த்துத் திறமையான ஆளுக்குக் கணக்குக் காட்ட முடியாது. பின்னாளில் பொருளியல் ஆய்வாளர்கள் இதன் அவசியத்தை எண்களில் காட்டினார்கள். ஆள்சேர்ப்பாளரின் உழைப்பு ஓர் அளவோடு நிற்கும் பொருள். எதற்கு மதிப்பெண் உண்டோ அந்தப் பக்கம் அது சாயும். தரமும் எண்ணிக்கையும் அந்த உழைப்புக்குப் போட்டி போடுகின்றன. இலக்கு பிரித்துத் தரப்படாத இடத்தில் நீங்கள் எத்தனை கோடி விளம்பரத்தில் கொட்டினாலும் அதனால் வரும் திறமையான இளைஞரைத் தேடிப் போக ஆள்சேர்ப்பாளருக்கு நேரம் இருக்காது.

இரண்டாவது, பணம். 1980 அக்டோபரில் 11.7 சதவீதம், 1981 அக்டோபரில் சராசரியாக 14.3 சதவீதம் என்று இரண்டு சம்பள உயர்வுகள் வந்தன. முதல் உயர்வை செனட்டர்கள் நன், வார்னர் இருவரும் முன்னின்று கொண்டுவந்தார்கள். 1981இல் என். டபிள்யூ. ஏயர் நிறுவனம் உருவாக்கிய 'பி ஆல் யூ கேன் பி' விளம்பரம் வீடு வீடாகப் பாடியது. உன்னால் எவ்வளவு உயர முடியுமோ அவ்வளவு உயர், வா என்ற அழைப்பு அது. வேலை கிடைக்காதவன் போகும் இடம் என்ற பெயரைப் படை இருபதாண்டுகள் உழைத்து மாற்ற அந்தப் பாட்டு உதவியது.

மூன்றாவதாக நடந்தது அதிகம் பேசப்படாதது. எந்தச் செலவு எவ்வளவு பலன் தருகிறது என்று நாட்டையே பகுதிகளாகப் பிரித்துச் சோதித்தார்கள். 1981 நிதியாண்டில் படிப்புக்கான உதவியின் வெவ்வேறு வடிவங்களை வெவ்வேறு பகுதிகளில் கொடுத்துப் பார்த்தார்கள். தரைப்படைக்கு மட்டும் உரிய பெரிய கல்வித் தொகை, திறமையானவர்களின் சேர்க்கையை 9 சதவீதம் கூட்டியது. அந்த முடிவின் மேல்தான் 1982இல் தரைப்படைக் கல்வி நிதி எழுந்தது. 1982 முதல் 1984 வரை போனஸ் சோதனை நடந்தது. நாட்டின் பெரும்பகுதியில் நான்காண்டு ஒப்பந்தத்துக்கு 5,000 டாலர். சில பகுதிகளில் 8,000 டாலர். இன்னும் சில பகுதிகளில் அதோடு மூன்றாண்டு ஒப்பந்தத்துக்கும் 4,000 டாலர். ராண்ட் நிறுவனத்தின் பாலிச், டெர்டூசோஸ், பிரஸ் மூவரும் முடிவுகளை ஆராய்ந்தார்கள். போனஸைக் கூட்டியதால் புதிதாக வந்தவர்கள் நான்கைந்து சதவீதம்தான். ஆனால் ஆள் பஞ்சமாக இருந்த கடினமான பிரிவுகளுக்குப் போக ஒப்புக்கொண்டவர்கள் மிகப் பெரிய அளவில் கூடினார்கள். நீண்ட ஒப்பந்தத்தை ஏற்றவர்களும் கூடினார்கள். போனஸ் கூட்டம் சேர்க்கும் கருவியைவிட, வந்த கூட்டத்தை வேண்டிய இடத்துக்குத் திருப்பும் கருவி என்பது அப்போது தெளிவானது. இந்த ஓர் உண்மை தெரிந்திருந்தால் மிச்சமாகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல.

பொருளாதாரமும் கைகொடுத்தது, மறுக்க முடியாது. 1982இன் இறுதியில் வேலையின்மை 10.8 சதவீதத்தைத் தொட்டது. எல்லாப் பெருமையையும் அதற்கே கொடுப்பவர்கள் உண்டு. ஆனால் 1984இலிருந்து வேலைகள் பெருகிய பின்னும் ஏற்றம் நிற்கவில்லை. 1980இல் தரைப்படையில் சேர்ந்தவர்களில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் 54 சதவீதம். 1986இல் 90 சதவீதத்தைத் தாண்டியது. அதே ஆண்டுகளில் பதினெட்டு வயதினரின் எண்ணிக்கை ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வந்தது என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

இடையில் நடந்தவற்றை விரைவாகச் சொல்லலாம். பனிப்போர் முடிந்து படை சுருங்கியது, ஆள்சேர்ப்புச் செலவும் சுருங்கியது. பொருளாதாரம் செழித்த 1999இல் தரைப்படை 6,000 பேருக்கு மேல் குறைவாகச் சேர்த்தது. 2005இல், ஈராக் போரின் நடுவே, 80,000 இலக்கில் 73,000தான். உடனே போனஸ் உச்சவரம்பு 40,000 டாலர் ஆனது, வயது வரம்பு 42 ஆனது, குற்றப் பதிவு உள்ளவர்களுக்கு விதிவிலக்குகள் தாராளமாயின. 2008 பொருளாதாரச் சரிவு எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டது. சரியானதும் பழையபடி செலவு வெட்டப்பட்டது. ஈராக் போர் ஆண்டுகளில் ஹூஸ்டன் ஆள்சேர்ப்புப் பட்டாலியனில் நான்கு ஆள்சேர்ப்பாளர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். போர்முனையிலிருந்து திரும்பியவர்களை ஓய்வின்றி இலக்கின் பின்னால் ஓட வைத்ததைப் பற்றி அப்போது விசாரணை நடந்தது. 2009இல் தரைப்படை ஆள்சேர்ப்பையே ஒரு நாள் நிறுத்திவைத்து இதைப் பேசியது. ஆள்சேர்ப்பு வளங்கள் என்று நாம் சாதாரணமாக எழுதும் சொல்லுக்குள் இந்த மனிதர்களும் இருக்கிறார்கள்.

அதே காலத்தில் இன்னொரு கதவும் திறந்தது. 2009இல் தொடங்கிய ஒரு திட்டம், நிரந்தர வசிப்புரிமை இல்லாமல் சட்டப்படி அமெரிக்காவில் வாழும் வெளிநாட்டவரை, அவர்களுக்குத் தெரிந்த மொழிக்காகவோ மருத்துவத் திறனுக்காகவோ சேர்த்துக்கொண்டது. வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது, மலையாளமும் சிங்களமும் இருந்தன. 10,000க்கும் மேற்பட்டோர் இதன் வழியே சேர்ந்தார்கள். 2016இல் பாதுகாப்புச் சோதனைகளைக் காரணம் காட்டித் திட்டத்தை முடக்கினார்கள். ஒப்பந்தம் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆயிரக்கணக்கானோர் விசாக் காலம் முடிந்து அந்தரத்தில் நின்றார்கள். பட்டப்படிப்பு முடித்த, விரும்பி வந்த இளைஞர்களை இப்படி விட்டுவிட்டு ஆறே ஆண்டுகளில் ஆள் இல்லை என்று அதே படை தவித்தது.

இனி 2022. இதன் வேரும் முன்பே இருந்தது. 2018இலேயே 76,500 இலக்கில் 6,500 பேர் குறைந்தார்கள். 2020 மார்ச்சில் பெருந்தொற்று பள்ளிகளையும் கடைத்தெரு அலுவலகங்களையும் மூடியது. ஆள்சேர்ப்பாளர்கள் கைப்பேசித் திரையோடு நின்றார்கள், காத்திருப்புப் பட்டியல் மெலிந்தது. 2022இல் வேலையின்மை 3.5 சதவீதம் அளவுக்கு இறங்க, கிடங்குகளும் உணவகங்களும் ஊதியத்தைக் கூட்டி ஆள் பிடித்தன. பதினேழு முதல் இருபத்துநான்கு வயது வரை உள்ளவர்களில் எந்த விதிவிலக்கும் இல்லாமல் சேரத் தகுதி உள்ளவர்கள் 23 சதவீதம்தான் என்று பென்டகனின் ஆய்வு சொன்னது. சில ஆண்டுகளுக்கு முன் அது 29 ஆக இருந்தது. உடல் எடை, மனநல மருந்துகள், போதைப் பழக்கம் ஆகியவை பெரிய காரணங்கள். சேர விருப்பம் உள்ளவர்கள் 9 சதவீதம் என்று கருத்துக்கணிப்பு சொன்னது.

இந்த நேரத்தில், 2022 மார்ச்சில், மருத்துவச் சோதனை நிலையங்களுக்குப் புதிய மின்னணு மருத்துவப் பதிவு முறை வந்தது. அதுவரை சிறுவயது ஆஸ்துமாவையோ, ஒருமுறை சாப்பிட்ட கவனக்குறைபாட்டு மாத்திரையையோ, எட்டாம் வகுப்பில் முறிந்த கையையோ இளைஞர் சொன்னால்தான் தெரியும். பலர் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம் என்று அறிவுரை பெற்றவர்களும் இருந்தார்கள். புதிய முறை பழைய மருந்துச்சீட்டுகளையெல்லாம் இழுத்துவந்து மேசையில் போட்டது. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பங்கள் குவிந்து, கோப்புகள் மாதக்கணக்கில் நகராமல் நின்றன.

1976இன் தேர்வுப் பிழையை இதோடு வைத்துப் பாருங்கள். அன்று அளவுகோல் தளர்ந்து உண்மையை மறைத்தது. இன்று அளவுகோல் இறுகி, ஐம்பதாண்டுகளாக எல்லோரும் கண்டும் காணாமல் விட்டதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டிலும் இளைஞர்கள் மாறவில்லை. அவர்களைப் பற்றி நிர்வாகத்துக்கு இருந்த அறிவு மாறியது. அன்று பிழை தெரிந்ததும் அளவுகோலைத் திருத்தித் தரத்தை உயர்த்தினார்கள். இன்று விதிகளே இத்தனை காலம் நடைமுறைக்கு ஒவ்வாமல் இருந்திருக்கின்றன என்று உணர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட நோய் நிலைகளுக்குக் காத்திருப்புக் காலத்தைக் குறைத்தார்கள். இந்த இரண்டாவது முடிவு தளர்வுபோலத் தோன்றினாலும் நேர்மையானது என்றே நினைக்கிறேன். பொய் சொன்னவரை ஏற்று உண்மை சொன்னவரைத் திருப்பி அனுப்பிய ஏற்பாட்டைவிட இது மேல்.

மற்றபடி முதல் மாதங்கள் பதற்றத்தில் கழிந்தன. ஜனவரியில் போனஸ் உச்சவரம்பு 50,000 டாலர் ஆனது. உடனே பயிற்சிக்குக் கிளம்புபவருக்கு 35,000 டாலர் என்று சேர்த்தார்கள். ஜூனில் பள்ளிச் சான்றிதழ் இல்லாதவர்களையும் தேர்வு மதிப்பெண் இருந்தால் எடுக்கலாம் என்று அறிவித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் திரும்பப் பெற்றார்கள். போனஸ் பெரிதாகக் கூட்டம் சேர்க்காது என்று நாற்பதாண்டுகளுக்கு முன் தங்கள் சொந்தச் சோதனையே சொன்னதை யாரும் எடுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

உருப்படியானது ஆகஸ்டில் வந்தது. தென் கரோலினாவின் ஃபோர்ட் ஜாக்சனில், தேர்வு மதிப்பெண்ணோ உடல் கொழுப்பு அளவோ கொஞ்சம் எட்டாமல் நிற்பவர்களை எடுத்து அதிகபட்சம் 90 நாள் வரை தயார்செய்யும் முன்பயிற்சி வகுப்பு. கணக்கும் வாசிப்பும் ஒரு பக்கம், ஓட்டமும் உணவுக் கட்டுப்பாடும் மறுபக்கம். பெரும்பாலானோர் தேறி அடிப்படைப் பயிற்சிக்குப் போனார்கள். 2024இல் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்த வழியே வந்தவர். தர்மன் காலத்துத் தரைப்படைக்குத் தோன்றாத வழி இது. அன்று சந்தையில் நல்லவரைத் தேடினார்கள். இன்று கிடைத்தவரைத் தயார்செய்கிறார்கள். பொதுப்பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகளுக்கு மூன்று மாதம் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதை நான் மனதார மதிக்கிறேன். ஒரு கவலையும் உண்டு. நான்காம் பிரிவினர் 4 சதவீதத்துக்கு மேல் கூடாது என்பது பென்டகனின் அளவு. வகுப்புக்குப் பின் வாங்கிய மதிப்பெண்ணை மட்டும் கணக்கில் எழுதினால் அந்த அளவு எளிதாகக் காப்பாற்றப்படும். வகுப்பு ஒருவரின் திறனை உயர்த்தியதா, தேர்வு எழுதும் பழக்கத்தை மட்டும் உயர்த்தியதா என்பது அவர் தன் முதல் ஒப்பந்தத்தை முடிக்கும்போதுதான் தெரியும். இரண்டு மதிப்பெண்களையும் பதிவுசெய்து பின்தொடர்ந்தால் ஒழிய 1976இன் பிழை வேறு உருவில் திரும்பி வரலாம்.

2023இல் பழைய விளம்பர முழக்கத்தையே தூசுதட்டி எடுத்தார்கள். அதில் தோன்றிய நடிகர் சில வாரங்களில் கைதாக, படங்களை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. அக்டோபரில் அமைச்சர் கிறிஸ்டின் வார்முத்தும் தளபதி ராண்டி ஜார்ஜும் அறிவித்த சீர்திருத்தம் ஆழமானது. டாங்கியிலிருந்து பிடுங்கிவந்தவரை நம்பாமல், ஆள்சேர்ப்பையே தொழிலாகக் கொள்ளும் தனிப் பிரிவு. விளம்பரப் பிரிவும் ஆள்சேர்ப்புத் தலைமையின் கீழ் வரும். தலைமை அதிகாரிக்கு நான்காண்டு பதவிக்காலம். கடைசியானதைத்தான் நான் மிகவும் வரவேற்கிறேன். தர்மன் ஆள்சேர்ப்புத் தலைமையில் இருந்தது சுமார் இரண்டாண்டுகள். ஆனால் அதன்பின் பணியாளர் துறைத் தலைவர், துணைத் தளபதி என்று 1987 வரை மேலிருந்தே அதைக் கவனித்தார். ஒரு சோதனையைத் தொடங்கியவரே அதன் முடிவையும் படித்துச் செயல்படுத்த முடிந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்த நீட்சி கிடைக்கவில்லை.

2024இல் இலக்கு 55,000ஆகக் குறைக்கப்பட்டு நிறைவேறியது. காத்திருப்புப் பட்டியலில் 5,000 பேர் வேண்டும் என்று நினைத்த இடத்தில் 11,000 பேர் இருந்தார்கள். 2025 ஏப்ரலில் கடைநிலைச் சிப்பாய்களுக்கு அந்த ஆண்டின் மொத்தச் சம்பள உயர்வு 14.5 சதவீதம் ஆனது. 1981இன் எண்ணை அப்படியே நினைவூட்டுகிறது. அதே ஆண்டு 61,000 இலக்கு ஜூன் தொடக்கத்திலேயே, நான்கு மாதம் மிச்சமிருக்க, எட்டப்பட்டது.

யாரால் என்ற கேள்விக்கு வாஷிங்டனில் பல பதில்கள். அந்த ஆண்டு பொறுப்பேற்ற புதிய ஆட்சி என்றார்கள் சிலர். ஏற்றம் அந்த ஆட்சிக்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. முன்பயிற்சி வகுப்பு என்றார்கள் சிலர், சம்பளம் என்றார்கள் சிலர், மருத்துவ விதிகள், விளம்பரம், வேலைச் சந்தை தணிந்தது என்றும் சொன்னார்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கும். எதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல 1982இல் செய்ததுபோல் ஒரு பகுதியைக்கூட ஒப்பீட்டுக்கென்று ஒதுக்கிவைத்ததாக நான் பார்க்கவில்லை. நெருக்கடியின் நடுவில் சோதனை செய்ய நேரமேது என்று கேட்கலாம். போனஸ் சோதனை நடந்த ஆண்டுகளும் நெருக்கடி முழுதாக நீங்காத ஆண்டுகளே. அதை நடத்தச் சொன்னது நாடாளுமன்றம்.

இப்போது இது ஏன் அவசரம் என்றால், அமெரிக்க வரலாற்றிலேயே அதிகக் குழந்தைகள் பிறந்த ஆண்டு 2007. ஏறத்தாழ 43 லட்சம். அவர்களுக்குப் பதினெட்டு வயது ஆனது 2025இல். 2008இலிருந்து பிறப்புகள் சரிந்தன, பெரிதாக மீளவில்லை. ஆக இனி வரும் ஆண்டுகளில் பதினெட்டு வயதினர் குறைவார்கள். எண்பதுகளின் தரைப்படையும் இதே சரிவில்தான் நடந்தது, தரத்தையும் உயர்த்தியது. எந்தப் பணம் வேலை செய்கிறது என்று அதற்குத் தெரிந்திருந்தது.

இலக்கு ஜூனிலேயே முடிந்த ஆண்டில் பட்ஜெட் அலுவலகத்தில் அடுத்து எழும் கேள்வி, இத்தனை ஆள்சேர்ப்பாளர் எதற்கு என்பது. 1975இல் எழுந்தது, 1990களில் எழுந்தது, 2010க்குப் பின்னும் எழுந்தது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால், திரும்பக் கூட்ட ஓராண்டு பிடிக்கும் ஆள்சேர்ப்பாளரை விட்டுவிட்டு, மறுநாளே திரும்பக் கூட்டக்கூடிய போனஸிலிருந்து தொடங்க வேண்டும். அதையும் நாடு முழுக்க ஒரே நாளில் வெட்டாமல், சில மாநிலங்களில் குறைத்துச் சிலவற்றில் விட்டுவைத்து, இரண்டாண்டு பொறுத்து எண்ணிப் பார்க்க வேண்டும். முன்பயிற்சி வகுப்பில் தேறி 2022இல் சேர்ந்த முதல் அணியில் நான்காண்டு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு 2026இல் தவணை முடிகிறது. அவர்களில் எத்தனை பேர் முழுத் தவணையும் நின்றார்கள், எத்தனை பேர் மறு ஒப்பந்தம் போட்டார்கள் என்ற கணக்கை, மற்றவர்களின் கணக்கோடு பக்கத்தில் வைத்து, தரைப்படை பொதுவில் வெளியிட வேண்டும்.